பதினேழாம் அத்தியாயம் குழாயான கதை

குடிகார அப்பனுக்குப் பிறந்த பிள்ளையைப் பார்த்தால் ஊரே பரிதாபப்படும். நாவல் எழுதுகிற அப்பனுக்குப் பிறந்த பிள்ளையைப் பார்த்து மட்டும் 'கொடுத்து வைத்தவள்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது எவ்வளவு பெரிய பொய் என்று என் மகள் அபியைக் கேட்டால் சொல்லுவாள். (சொல்லமாட்டாள். ஏன் சொல்லமாட்டாள் என்பதுதான் இந்தக் கட்டுரை.)

நாவலாசிரியன் என்று என்னை நானே சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான். பதினொரு வருடம் எழுதிய ஒரே நாவல். அதை இதுவரை வாசித்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பேரும் பெண்கள். வாசித்த ஒவ்வொரு தாளிலும் அவர்கள் கையோடு பசை தடவி, கம்பியில் சுற்றி, வெடிக்குழாய் ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு வீடு விருதுநகரில், வேலை சிவகாசியில். ஆப்செட் அச்சகம் ஒன்றில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறேன். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் என் கண்ணில் பட்டுத்தான் மிஷினுக்குப் போகும். ஒரு காலண்டரில் சங்கடஹர சதுர்த்தியை ஒருநாள் தள்ளிப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்து முதலாளியிடம் சால்வை வாங்கியவன் நான். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அப்படி ஒரு தேர்ச்சி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் எழுதுவேன். கட்டிங் மிஷினுக்குப் பின்னால் தாள்கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். தயிர்சாதம் ஐந்து நிமிடம், இலக்கியம் இருபத்தைந்து நிமிடம். தாளுக்குப் பஞ்சமில்லை. கலர் விலகிப்போன லேபிள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இரண்டு அலகுள்ள கிளி, மூன்று கண்ணுள்ள குழந்தை, இதழ் ஒரு பக்கமும் சிவப்பு இன்னொரு பக்கமுமாக நிற்கிற ரோஜா. அவற்றின் வெள்ளை முதுகில் பச்சை மசியில் எழுதினேன். (புரூஃபுக்குச் சிவப்பு, படைப்புக்குப் பச்சை. அப்படி ஒரு கொள்கை இருந்தது எனக்கு.)

நாவலின் பெயர் 'கந்தகக் காற்றில் ஒரு கானம்'. இப்போது எழுதும்போதே கை கூசுகிறது. அப்போது இந்தத் தலைப்பைச் சொல்லிப் பார்த்துக் கண்ணாடி முன் நின்றிருக்கிறேன்.

எனக்குக் கற்பனை கிடையாது. அதை நான் 'யதார்த்தம்' என்று அழைத்தேன். பஸ்ஸில் முன்சீட்டு ஆட்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே பின்சீட்டில் உட்காருவேன். துஷ்டி வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கையில் நான் யார் எப்படி அழுகிறார்கள் என்று கவனிப்பேன். ஒருமுறை என் மனைவி ஜெயா கையில் கரண்டியோடு நின்று, என்னைக் கட்டிக்கொண்டதில் அவள் இழந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் புகுந்து, "கொஞ்சம் மெதுவாச் சொல்லு" என்றேன். சமாதானம் பேசுகிறேன் என்று நினைத்து நிறுத்தினாள். என் கையில் பேனாவைப் பார்த்ததும் மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் இரண்டு பக்கம் வந்தது.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பாத்திரங்களுக்கு உண்மைப் பெயரையே வைத்து எழுதுவேன். பெயரை மாற்றினால் ஆள் உயிரோடு எழுந்து வரமாட்டேன் என்கிறான். கடைசிப் பிரதி எடுக்கும்போது எல்லாப் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். அதுவரை வீட்டில் யாரும் வாசித்துவிடக் கூடாதே! அதனால் ஒவ்வொரு கட்டையும் எழுதிய பக்கம் உள்ளே, கிளியும் குழந்தையும் வெளியே தெரியும்படி வைத்துக் கட்டி, மேலே 'பழைய புரூஃப்' என்று எழுதிப் பரண்மேல் இடது மூலையில் போட்டு வைத்திருந்தேன். என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த ஜில்லாவில் இல்லை என்று நினைப்பு.

இனி அபியைப் பற்றிச் சொல்லவேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

அபி சூலக்கரையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நான் சிவகாசி பஸ்ஸில் வந்து இறங்கி, ஸ்டாண்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துப் போய் அவளைக் கூட்டி வருவேன். வழியெல்லாம் பேசுவாள். அம்மாவிடம் சொல்லாததையும் என் முதுகிடம் சொல்லுவாள். முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட முதுகைப் பார்த்துச் சொல்வது பிள்ளைகளுக்குச் சுலபம் போலிருக்கிறது. என் முதுகு அவ்வளவு நல்ல முதுகு. முன்பக்கம்தான் சரியில்லை.

ஒருநாள் சாயந்தரம் கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் அவள் பேச்சு நின்றது. கொஞ்ச தூரம் கழித்து, "அப்பா, வண்டிய நிறுத்தாதீக. ஓட்டிக்கிட்டே கேளுங்க" என்றாள்.

பரீட்சைக்குப் படித்த காலத்தில் கூடப் படித்த ஒரு பையன். இரண்டு வருடப் பழக்கம். இரண்டு வீட்டிலும் வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தார்களாம். அவனுக்கு வேலை கிடைத்தது. போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். இப்போது கல்யாணம்.

"பத்திரிக வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். (ஒரு தகப்பன் கேட்கிற கேள்வியா இது?)

"எனக்கு வைக்கலப்பா. கூடப் படிச்சவ காட்டுனா. ஒங்க பிரஸ்லதான் அடிச்சிருக்கான். அன்னம் போட்ட மஞ்சக் கார்டு. நீங்கதான் புரூஃப் பாத்திருக்கீக." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு தப்புகூட இல்லப்பா அதுல."

என் சட்டை முதுகுப்பக்கம் நனைந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. நான் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கவேண்டும். பிள்ளை தலையைத் தடவியிருக்கவேண்டும். எதுவும் சொல்லத் தெரியாவிட்டால் ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? 'ஒரு தப்புகூட இல்லப்பா அதுல' என்ற வரியை மறந்துவிடக் கூடாதே என்று, வீடு வரும்வரை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் எழுதி வைத்தேன். மறுநாள் மதியம் தயிர்சாதத்தைத் தொடவில்லை. சோகத்தில் இல்லை. பதினேழாம் அத்தியாயம் அப்படி ஓடி வந்தது.

அடுத்த வருடம் அபிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா குருசாமி, தாயில்பட்டிப் பக்கம் சின்னதாகப் பட்டாசு யூனிட் வைத்திருந்தார். வீடு சாத்தூரில். நல்ல மனிதர். அபி பையனோடு இரண்டுமுறை பேசிவிட்டுச் சரி என்றாள். அவள் முகத்தில் பழைய தெளிச்சி வந்திருந்தது. ஆனியில் பூ வைத்தார்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம், சீசன் முடிந்து தையில் கல்யாணம் என்று பேசி முடித்தோம்.

குருசாமிக்கு ஒரு மீசை இருந்தது. தலையெல்லாம் நரைத்திருக்க, மீசை மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். பூ வைத்த மறுநாளே அவர் என் நாவலில் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் வந்துவிட்டார், சொந்தப் பெயரோடு. 'மை பூசிய அந்த மீசை குருசாமியின் முகத்தில் வாடகைக்குக் குடியிருப்பது போல இருந்தது' என்று எழுதிவிட்டு, அந்த வரியை நானே நாலுமுறை வாசித்து ரசித்தேன்.

பூ வைக்க வந்தன்றே அவர் எங்கள் பரணை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சம்மந்தி, இம்புட்டுப் பேப்பரையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுதீக?"

"எல்லாம் பழைய புரூஃபு, வேஸ்ட்டு."

"அப்ப நம்ம ஷெட்டுக்குத் தள்ளிவிடுங்க. சீசன் நேரம், குழாய் சுத்தப் பேப்பர் பத்தல."

"தாராளமா எடுத்துக்கிடுங்க சம்மந்தி. நம்ம வீட்டுப் பேப்பர் நம்ம கம்பெனிக்குத்தான வருது" என்றேன். சம்பந்தி வீட்டாருக்கு உபகாரம் செய்கிற பெருமிதம்.

ஆடியில் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். முந்தின நாள் பரணுக்குப் பெயின்ட் அடிப்பதற்காக ஜெயா இடது மூலையில் இருந்ததையெல்லாம் இழுத்து முன்பக்கம் போட்டிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. மறுநாள் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஜெயா மேலே நின்று கட்டுகளை எடுத்துத் தர, நான் கீழே நின்று வாங்கி வாங்கி ஆட்டோவில் அடுக்கினேன். கிளி, குழந்தை, ரோஜா, கிளி. டிரைவரிடம், "பாத்து வைப்பா, சம்மந்தி கம்பெனிக்குப் போகுது" என்று வேறு சொன்னேன். என் நாவலை என் இரண்டு கையாலும் தூக்கி வைத்தேன்.

வீட்டுவேலை மும்முரத்தில் எட்டு நாள் எழுதவில்லை. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, விடுப்பு எடுத்திருந்தேன். குருசாமி சாப்பிடும்போது மீசையில் மோர் படாமல் காப்பாற்றுகிற விதம் ஞாபகத்துக்கு வந்தது. சேர்க்கலாம் என்று பரணில் ஏறினேன். பரண் பளபளவென்று சந்தன நிறத்தில் காலியாக இருந்தது.

"இங்கன மூலையில இருந்த கட்ட எங்க?"

"அதான் நீங்களே தூக்கி வச்சீகளே, வேஸ்ட்டு."

"அது வேஸ்ட் இல்ல ஜெயா. நாவல்!"

"மேல 'பழைய புரூஃப்'னு எழுதியிருந்துச்சு. ஒங்க கையெழுத்துதான்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "முன்னாடி மூணு கண்ணோட ஒரு பிள்ள சிரிக்கி. அதுக்குப் பின்னாடி நாவல் இருக்கும்னு யாருக்குங்க தெரியும்?" என்றாள்.

முதலில் நான் பதினொரு வருட உழைப்பு போயிற்றே என்றுதான் துடித்தேன். இதையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். சட்டையை மாட்டும்போதுதான் உண்மைப் பெயர்கள் ஞாபகம் வந்தன. மீசை ஞாபகம் வந்தது. கடைசியாகத்தான் பதினேழாம் அத்தியாயம் ஞாபகம் வந்தது. பித்தானைக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். என் மகளை அவளுடைய வருங்கால மாமனாரின் ஷெட்டுக்கு, பதினெட்டுத் தாளில், பச்சை மசியில் எழுதி, நானே லோடு ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து தாயில்பட்டிக்கு ஒரு பஸ். யூனிட் வாசலில் வாட்ச்மேன் ஒரு மரப்பெட்டியை நீட்டினார்.

"செல்லு, தீப்பெட்டி, பீடி எது இருந்தாலும் இதுல போட்ருங்க சார். உள்ள கொண்டு போகக் கூடாது."

அங்கேதான் அன்றைய தினத்தின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். போனைப் பெட்டியில் போடுவதற்கு முன் அபியிடம் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. உள்ளே எல்லாரும் இந்நேரம் வாசித்திருப்பார்கள், குருசாமி கையில் தாள் இருக்கும், மற்றவர் சொல்லித் தெரிவதைவிடப் பெற்றவன் சொல்லித் தெரியட்டும் என்று நினைத்தேன். பார்ப்பதற்கு நேர்மை மாதிரி இருந்தது. கேட்டுக்கு வெளியே தள்ளிப் போய் நின்று பேசினேன்.

"அபி, அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா." கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கூட்டர், முதுகு, அத்தியாயம், லோடு ஆட்டோ.

அந்தப் பக்கம் சனிக்கிழமை சிறப்பு முகாம் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.

"நான் வேலையில இருக்கேம்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

குழாய் சுற்றுகிற ஷெட் தனியாக ஓரத்தில் இருந்தது. பதினான்கு பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, கம்பியில் தாளைச் சுற்றி, ஒரு உருட்டு உருட்டி, உருவிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றதும் பதினான்கு பேர் கையும் நின்றன. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்கதான அந்தக் கத எழுதுன சாரு?" என்றாள் நடுவில் இருந்தவள். நாற்பது வயது இருக்கும். சீனியம்மா என்று கூப்பிட்டார்கள். முதலாளியின் சம்பந்தி வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் குரல் கொடுத்திருந்தார். முதல் தாளில் பெயர், இனிஷியல், 'நாவலாசிரியர்' என்ற பட்டம், தெருப் பெயர்வரை எழுதியிருந்தேன். அதனால் மறுக்க வழியில்லை.

"ஆமாம்மா. அதத் திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு…"

"எங்கன இருந்து வாங்குதது? பாதிக்கு மேல சுத்தியாச்சு. ஒரு தாள வாசிக்கது, சுத்துதது, அடுத்த தாள எடுக்கதுன்னு போய்க்கிட்டு இருந்துச்சு. நடுவுல நாப்பதாம் பக்கத்தக் காணோம் சார். அந்த மருதாயி கெணத்துல விழுந்தாளா, இல்லையா?"

"விழல" என்றேன். மருதாயி என் கதாநாயகி, குழாய் சுற்றுகிறவள்.

"நாந்தான் சொன்னம்லா!" என்று ஓரத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"ஏன் சார், அந்த மருதாயி எதுக்கெடுத்தாலும் அழுதாளே, அவளுக்கு வேற சோலி கெடையாதா? குழாய் சுத்திக்கிட்டே அழுதா பசை நீத்துப் போகாதா?"

"கண்ணீருல கந்தகம் கரைஞ்சதுன்னு எழுதியிருக்கீக. இங்கன கந்தகம் ஏது சார்? பசதான். மருந்து ரூமு அங்கன, அம்புட்டுத் தூரத்துல இருக்கு. வந்து பாத்துட்டாவது எழுதியிருக்கலாம்லா."

பதினொரு வருடம் உழைக்கும் மக்களைப் பற்றி எழுதியவன், உழைக்கும் மக்கள் முன்னால் பிழை திருத்தப்பட்டு நின்றேன். சிவப்பு மசிகூடத் தேவைப்படவில்லை அவர்களுக்கு.

"மீசையப் பத்தி எழுதுனது மட்டும் நல்லாருந்துச்சு" என்றாள் வாயைப் பொத்தியவள். அவ்வளவுதான், ஷெட்டே குலுங்கியது. "வாடக மீச!" என்று யாரோ சொல்ல, இன்னொருத்தி கம்பியை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு முதலாளி மாதிரி கழுத்தை நிமிர்த்திக் காட்டினாள். ஒரு வாரமாக அந்த ஷெட்டில் அவருக்கு அதுதான் பெயர் என்று தெரிந்தது. எனக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, ஓர் ஓரத்தில் இனித்தது. அச்சில் ஏறாமலே ஒரு வரி மக்கள் வாயில் ஏறிவிட்டதல்லவா!

சீனியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "பதினேழுன்னு போட்டு ஒரு கட்டு… அதுல ஒரு பொண்ணு பேரு…"

"தெரியும் சார்." குரலைத் தாழ்த்தினாள். "மொத ரெண்டு தாள வாசிக்கையிலேயே தெரிஞ்சுபோச்சு, நம்ம மொதலாளி வீட்டுக்கு வரப்போற பிள்ளைன்னு. பொம்பளப்பிள்ள சமாச்சாரம். மத்தவளுக கையில குடுக்கல. நானே வாசிச்சு நானே சுத்திட்டேன். மருந்து ரூமுக்கும் போயிருச்சு. ஒருத்தருக்கும் தெரியாது. கவலப்படாமப் போங்க."

எனக்கு அந்த இடத்திலேயே அவள் காலில் விழவேண்டும் போல இருந்தது. விழுந்திருக்கலாம். அதற்குப் பதில் கேட்டேன்:

"முழுசாவே வாசிச்சீங்களா? எப்படி இருந்துச்சு?"

சீனியம்மா கையில் இருந்த பசையைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

"பெத்த பிள்ள பின்னாடி உக்காந்து அழுகையில, நீங்க என்ன சார் பண்ணிக்கிட்டு இருந்தீக?"

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தாள்.

வெளியே வந்து மரப்பெட்டியிலிருந்து போனை எடுத்தேன். அபியிடமிருந்து ஒன்பது அழைப்புகள். வாட்ச்மேன், "விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு சார். பெட்டிய வெளிய கொண்டு போய் வச்சுட்டேன்" என்றார்.

நான் உற்சாகமாகத்தான் பேசினேன். "அபி, ஒண்ணும் பயமில்லம்மா! ஒரு அம்மா எல்லாத்தையும் யாருக்கும் காட்டாமச் சுத்திருச்சு. சம்மந்தி வீட்டுல யாருக்கும் தெரியாது."

"யாருக்குமே தெரியாதா?"

"யாருக்குமே."

"அப்ப எங்கிட்ட எதுக்குப்பா சொன்னீக?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவளே மறுபடி பேசினாள்.

"அந்தப் பத்திரிக விசயம். அதையும் எழுதினீகளா?"

"ம்."

"நான் சொன்ன மாதிரியேவா?"

"ஒரு எழுத்து மாத்தலம்மா."

தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "நல்லா வந்துச்சாப்பா?"

இந்த இடத்தில் ஒரு தகப்பன் சொல்லக்கூடிய பதில்கள் நிறைய உண்டு. மூன்று வருடமாக நான் யோசித்து நாற்பது பதில்கள் வைத்திருக்கிறேன். அன்று வாயில் வந்தது இதுதான்:

"ரொம்ப நல்லா வந்துச்சும்மா. நாவல்லயே அதான் ஒசத்தி."

"சரிப்பா" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயந்தரம் சூலக்கரைக்கு ஸ்கூட்டரைக் கொண்டுபோனேன். அவள் பஸ்ஸில் போய்விட்டிருந்தாள். அதற்குப் பிறகும் பஸ்ஸில்தான் போனாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை குருசாமி வந்தார். கதவைத் திறந்த எனக்கு ஒரு நிமிடம் ஆளே தெரியவில்லை. மீசை இல்லை. குடியிருந்தது காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அந்த இடம் மட்டும் வெளுத்துப்போய்ப் புதுச்சுவர் மாதிரி இருந்தது. கையில் பட்டாசு கிப்ட் பெட்டி. அதற்குள் மிச்சமிருந்த தாள்கள், மடிப்பு நீவி, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"உக்காருங்க சம்மந்தி" என்றேன்.

"இருக்கட்டும் சார்" என்றார்.

'சார்' என்ற அந்த ஒரு சொல்லிலேயே ஜெயாவுக்குப் புரிந்துவிட்டது. அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் படிச்சவன் இல்ல. ஒங்க எழுத்தக் கொற சொல்ல வரல. ஆனா ஷெட்டுக்குள்ள நான் போனா சிரிக்காக சார். கையெழுத்துப் போடக் குனிஞ்சா சிரிக்காக. எடுத்துட்டேன், அதுக்கும் சிரிக்காக. காலி பண்ணிட்டாருன்னு. நான் எப்படிக் கம்பெனி நடத்த?"

"தப்புதான். மன்னிச்சுக்கிடுங்க. அத அடிச்சுர்றேன்" என்றேன். எதை அடிப்பது? அந்த வரி எப்போதோ குழாயாகிவிட்டது.

"அது போகட்டும். நாளைக்கு ஒங்க மக எங்க வீட்டுக்கு வருது. எங்க வீட்டுல நாங்க ஒண்ணு பேசுவோம், சண்ட போடுவோம், சாப்பிடுவோம். நீங்க வந்து உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பீக. நாங்க வாயத் தொறக்க முடியுமா சார்?"

அந்த நேரம் அபி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி முழுவதும் குடித்தார். "ஒம்மேல ஒரு கொறையும் கெடையாதும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தார். உண்மையில் அவருக்கு அபியைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்கவில்லை. அந்த ரகசியத்தைத் தாயில்பட்டியில் பசையால் ஒட்டி மூடிவிட்டார்கள். கல்யாணம் நின்றது ஒரு மீசைக்காக. என் மகளுடைய வாழ்க்கையை என்னுடைய ஒரு உவமை நிறுத்தியது.

அவர் போனபின் அபி அந்தப் பெட்டியை என் மேஜைமேல் வைத்தாள். "எண்ணிப் பாத்துக்கிடுங்கப்பா, ஏதும் கொறையுதான்னு" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. பிறகுதான் புரிந்தது, என் முன்னால் இனி அழமாட்டாள் என்று.

அந்தத் தீபாவளிக்குத் தெருவில் முதல் சரம் வெடித்ததும் ஜெயா காதைத் தீட்டிக்கொண்டு, "கேளுங்க, பதினேழாம் அத்தியாயம்" என்றாள். சிரிப்பதற்குத்தான் சொன்னாள். நான் வாசலுக்குப் போய்த் தரையில் கிடந்த துணுக்குகளைப் பார்த்தேன். ஏதோ பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு. பச்சை மசி இல்லை. இன்றுவரை எந்த வெடி வெடித்தாலும் என் கண் தரைக்குத்தான் போகிறது.

அபிக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் கல்யாணமானது. மாப்பிள்ளை நல்ல பையன். பெண் பார்க்க வந்தன்றே அபி அவரிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டாளாம். பழைய காதலைப் பற்றி அரை நிமிடம், என்னைப் பற்றி அரை மணி நேரம். அதிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே, "மாமா, பேனா பைக்குள்ள இருக்கா?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் இப்போது யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும், "கதைக்கில்ல" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பது வழக்கம். "கதைக்கில்ல, கேஸ் தீந்துபோச்சு" என்பாள் ஜெயா.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று ஜெயா மூலமாகத்தான் அபியிடம் கேட்டேன். "எழுதிக்கிடச் சொல்லும்மா. ஆனா அவுக யோக்கியதையச் சேத்து எழுதணும்" என்று பதில் வந்தது. எழுதியிருக்கிறேன். பெயர்களையெல்லாம் இந்த முறை முதலிலேயே மாற்றிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அபி. வழக்கமாக அவள் அம்மா நம்பருக்குத்தான் கூப்பிடுவாள். அவசரமாக எடுத்தேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்." குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. எப்படிப்பட்ட சந்தோஷம் என்று கவனிக்க ஆரம்பித்த மனதைத் தலையில் தட்டி உட்கார வைத்தேன்.

"சொல்லும்மா."

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கீக?"

பேனாவை மேஜைமேல் வைத்தேன். அவளுக்குக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

"வச்சிட்டீகளா?"

"வச்சிட்டேம்மா. மூடியும் போட்டுட்டேன்."

"சரிப்பா" என்றாள் அபி. "போன அம்மாகிட்ட குடுங்க."